மலையை வெட்டிப் பெயர் பொறிக்கும் கடை

எங்கள் தொழிலில் யாரையும் "போயிட்டு வாங்க" என்று சொல்லி வழியனுப்ப முடியாது. வந்தவர்களும் "வரேம்மா" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்குவார்கள். கல்லறைக் கல் செய்து கொடுக்கிற கடை எங்களுடையது. பெங்களூரில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை, முன்னால் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான்.

முதலாளி சேவியர் அண்ணன் எங்கள் ஜோகுபாளையத்துக்காரர், எங்கள் கோயிலில் பாடுகிறவர். நான் அதற்கு முன் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கல் வெட்டத் தெரியாது, தூக்கவும் வராது. வருகிறவர்களிடம் பேசுவதும், அவ்வப்போது சேவியர் அண்ணனோடு மலைப்பக்கம் போய்க் கல் பார்த்துவிட்டு வருவதும்தான் என் வேலை. கவுன்ட்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும்.

பழக்க தோஷம்

துணிக்கடையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஆள் உள்ளே நுழைந்ததும் சிரிக்க வேண்டும் என்பது. தலைவலியா, வீட்டில் சண்டையா, எதுவானாலும் கதவு திறந்தால் முகம் தானாகச் சிரிக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். முதல் வாரத்தில் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். நான் எழுந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வாங்க சார், யாருக்குப் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே எழுத்து வெட்டிக்கொண்டிருந்த முனியப்பா உளியை நிறுத்தியது காதில் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. மாதிரிக்கு நிறுத்தியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். இன்னொன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டம்மாவுக்குத்தான். நான் எது எடுத்துட்டுப் போனாலும் அவளுக்குப் புடிச்சதே இல்லைம்மா."

மூன்று திக்கில் மூன்று நிறம்

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடத் தாங்கள் பாறைக்கு மேல் குடியிருப்பது தெரியாது. ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பாறை வெளியே தலையை நீட்டிவிடும். மேற்கே ராமநகரா பக்கம் போனால் செம்மண்ணில் பால் கலந்த மாதிரி வெளுத்த சிவப்பு. கனகபுராவையும் தாண்டிக் கீழே போனால் கறுப்பு. தேய்த்து மெருகேற்றினால் முகம் பார்க்கலாம். தெற்கே சந்தாபுரா, ஆனேக்கல் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்றுகளில் கிடைப்பது சாம்பல் நிறம். விலை குறைந்ததும் அதுதான், வெயிலையும் மழையையும் தாங்குவதும் அதுதான். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, வேலை விஷயமாக வெளிநாடு போய்வரும் மகன், மருமகள். மகன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி இத்தாலி மார்பிள் கிடைக்குமா? அப்பாவுக்கு பெஸ்ட்டாத்தான் செய்யணும்" என்றார். எங்களிடம் இல்லை, வரவழைக்கலாம், ஆனால் நம் ஊர் மழைக்கு அது மஞ்சளாகிவிடும் என்றேன். அவர் விடவில்லை. மருமகளும் சேர்ந்துகொண்டாள். அதுவரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினார். "பீன்யா ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும் போயிட்டு வந்ததைத் தவிர அவர் ஊரைத் தாண்டினதே இல்லை. செத்தப்புறம் எதுக்குடா அவரை இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போறே?"

தீ வைத்துத் தூக்குகிற கல்

முனியப்பாவின் சொந்த ஊர் அந்தச் சாம்பல் குன்றுகளின் அடியில் இருக்கிறது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று மூன்றும் புழங்குகிற ஊர். பெரிய மலையெல்லாம் இல்லை. எருமைகள் படுத்திருப்பது மாதிரி வழுவழுப்பான பாறை முதுகுகள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் செருப்போடு ஏறிவிடலாம். நடுநடுவே ராகிக் கொல்லைகள். கொல்லைக்கு வேலியும் கல்தான், முள் கிடையாது. ஆள் உயரப் பலகைக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மாட்டுத் தொட்டி கல், அம்மி கல், சில வீடுகளுக்குக் கூரையும் கல். இப்போது பெங்களூர்க்காரர்களின் பண்ணை வீடுகளுக்கு பெஞ்சும் நடைபாதைக் கல்லும் போகின்றன. அங்கே வேலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வேலை அதிகம் என்பதுதான் பேச்சு.

முனியப்பாவின் தம்பி வெங்கடேசு அங்கே கல் எடுக்கிறவன். நானும் சேவியர் அண்ணனும் போனபோது பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டியிருந்தான். பெரிய தீ இல்லை. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே போகிற சின்னத் தீ. சூட்டில் மேல்பாறை பூரி மாதிரி உப்பிக் கீழ்ப்பாறையை விட்டுப் பிரிகிறதாம். உப்பியது கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் டங்கென்றும், அடுத்த அடியில் பானையைத் தட்டின மாதிரியும் கேட்டது. பிரிந்த பாறையில் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அடித்தால் நூல் பிடித்த மாதிரி பிளக்கிறது. துண்டு துண்டாகப் பிளந்த பலகைகளைச் சரிவில் முட்டுக் கல் கொடுத்து நிறுத்தி வைப்பார்கள், லாரி வரும்வரை.

அவன் மனைவி ரத்னா தலையில் களியும் கீரைக் குழம்பும் சுமந்துகொண்டு ஏறிவந்தாள். எங்களையும் சாப்பிடச் சொன்னார்கள். பாறை சுட்டது, புடவைத் தலைப்பை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். வெங்கடேசு தன் அண்ணனைப் போல வாய் திறக்காதவன் இல்லை, வாயாடி. கடையில் எங்கள் வேலையெல்லாம் எப்படிப் பிரித்திருக்கிறது என்று கேட்டான். சொன்னேன். களியை உருட்டிக்கொண்டே, "பேரு வெட்டி அனுப்பறது எங்கண்ணன், பேரு இல்லாம அனுப்பறது நான். நடுவுல உக்காந்து சாப்பிடறது நீங்க, அப்படித்தானேக்கா?" என்றான். ரத்னா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

காலியாக விட்ட இடம்

கணவன் இறந்தால் கல்லில் மனைவிக்கும் சேர்த்து இடம் விடச் சொல்கிறவர்கள் உண்டு. சிலர் பெயரையும் வெட்டிவிடச் சொல்வார்கள், தேதி மட்டும் பிறகு. துக்கத்தில் இருப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அப்படி ஒரு பெண், நாற்பது வயதுகூட இருக்காது, கணவன் பெயருக்குக் கீழே தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டுப் போனாள். மாமியார் கூட வந்து, எழுத்து அளவெல்லாம் சரிபார்த்தார்.

வெகுநாள் கழித்து அவள் தனியாக வந்தாள். புதுத் தாலி கழுத்தில் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். தன் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். முனியப்பா வெளியே வந்து, வெட்டின எழுத்தை எடுக்க முடியாது, கல்லைத்தான் எழுத்து ஆழத்துக்கு இறக்க வேண்டும், இறக்கினால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும் என்று பொறுமையாக விளக்கினார். அவள் சுவரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பள்ளம் இருந்தா இருக்கட்டுங்கண்ணா. நான் அங்க வர்றதா இல்லை."

மழைக்கு மறுநாள்

அன்றைக்குக் காலையில் முனியப்பா ஒரு பெரியவரின் கல்லில் வேலையாக இருந்தார். பெயர் முடிந்துவிட்டது, கீழே ஒரு பைபிள் வசனம், அதில் கடைசி வரி மீதம். போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "எப்போ?" என்றார். "ரத்னாவுக்குத் தெரியுமா?" என்றார்.  போனைச் சட்டைப்பையில் போட்டு, உளிகளைத் துடைத்துத் துணியில் சுருட்டிக் கட்டி, குழாயடியில் முகம் கழுவினார். கல்தூசி முகத்திலிருந்து வெள்ளையாக வழிந்தது. அதன் பிறகுதான் எங்களிடம் வந்து சொன்னார். ராத்திரி மழையில் முட்டுக் கல்லுக்கு அடியில் மண் கரைந்திருக்கிறது. பிளந்து நிறுத்தியிருந்த பலகை ஒன்று சரிந்துவிட்டது. கீழே வெங்கடேசு நின்றிருந்தான்.

சேவியர் அண்ணன் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கடையில் தனியாக இருந்தேன். களி உருட்டின அந்தக் கை திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. மதியம் அந்தப் பெரியவரின் மகள் கல்லை வாங்கிப்போக டெம்போவோடு வந்துவிட்டாள். கடைசி வரி இல்லாமல் கல் கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கல்லையும் என்னையும் பார்த்தாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள். "பாவம்தாங்க. ஆனா நாளைக்கு எங்கப்பாவுக்கு வருஷப் பூசை. சாமியார் வந்து கல்லறையை மந்திரிக்கறார். எங்க வீட்டுல செத்தவரைத்தானே நான் பாக்கணும்?"

கடைசி வரி இல்லாமலே கல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபம் தானாகவே இறங்கிவிட்டது. 

மலையடிவாரம்

அவர்கள் வழக்கத்தில் புதைப்பதுதான். மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ராகிக் கொல்லையின் ஓரத்தில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். கடப்பாரையால் வெட்ட வேண்டியிருந்ததாம். இரண்டடிக்குக் கீழே அங்கேயும் பாறை. ரத்னா வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் பவித்ரா அவள் மடியில் முகம் புதைத்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடையில் தினம் தினம் ஆறுதல் சொல்கிறவள் நான். அங்கே பவித்ராவின் முதுகைத் தடவிக்கொடுக்கத்தான் முடிந்தது. ரத்னா, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டாள். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

குன்றைக் குத்தகைக்கு எடுத்தவர் வரவில்லை, அவருடைய ஆள் ஒருவர் மாலையோடு வந்து, ஓரமாக நின்று, போய்விட்டார். மண் தள்ளும்போது முனியப்பா ஒரு கைப்பிடி எடுத்து அதிலிருந்த கல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணை மட்டும் போட்டார். ஒவ்வொரு பிடியும் அப்படித்தான். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, வெங்கடேசோடு கல் எடுத்த ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு, மேஸ்திரியிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. "நாளைக்கு மேல ஏறணுமா, நாளன்னைக்கா?"

லாரியில் வந்த கல்

கொஞ்ச நாள் அந்தக் குன்றில் வேலை நின்றிருந்தது. முனியப்பா திரும்பி வந்து எப்போதும் போல் உட்கார்ந்து எழுத்து வெட்டினார். முன்பும் பேச மாட்டார். இப்போது இருமல் சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரிந்தது. பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து லாரி வந்தது. பலகைகளைச் சாய்த்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முனியப்பா ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். சாம்பல் பலகை, ஒரு மூலையிலிருந்து குறுக்காக வெளுத்த சிவப்பில் ஒரு கோடு. அழகான கல். "இதுதான்" என்றார். எது என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குத் தம்பியின் உடல்மேலிருந்து அதைக் கடப்பாரை போட்டு நெம்பி நகர்த்தியவர்களில் அவரும் ஒருவர்.

சேவியர் அண்ணன் முன்னால் வந்தார். லாரிக்காரரிடம், இது ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடு, வாடகை தருகிறேன் என்றார். லாரிக்காரருக்கு விஷயம் தெரியும். ஈவு இரக்கமில்லாதவர் இல்லை. தலைத்துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். "திருப்பி எங்கங்க கொண்டுபோறது? மலையில ஒட்டவெக்கவா?"

அதையே கேட்டவர்

பட்டறையின் கடைசியில், சுவரோரமாக அதை நிறுத்தி வைத்தோம். கோணி போட்டு மூடியிருந்தும், இறந்தவர்களுக்கான கல்லறைத் திருநாள் நெருங்கின சமயத்தில் ஒரு அம்மாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கன்டோன்மென்ட் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கைக்குக் கல் தேடிக்கொண்டிருந்தார். கோணி விலகின மூலையில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும், "இது நல்லா இருக்கே. என் தங்கச்சி இந்தக் கலர் புடவைதான் கட்டுவா" என்றார். விற்றுப்போய்விட்டது என்றேன். யார் வாங்கினார்கள், விட்டுக்கொடுப்பார்களா, நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். வேறு ஏதேதோ சாக்குச் சொன்னேன். இத்தனை வருஷம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவரிடம் என் சாக்கு எடுபடவில்லை.

முனியப்பாவே எழுந்து வந்தார். "அது என் தம்பி மேல விழுந்த கல்லுங்கம்மா" என்றார்.  அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  விலகியிருந்த கோணியைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். "அப்போ அது வேற வீட்டுக் கல்லு. எனக்கு அடுத்ததைக் காட்டும்மா."

சந்தாபுரா வழியாகத் திரும்பிப் போனது

அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனது முனியப்பா மனதில் ஏதோ செய்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சேவியர் அண்ணனிடம் வந்து, அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்தார். மெஷின் வைக்கவில்லை. உளிதான். வெங்கடேசு என்று தமிழில், நாங்கள் பணக்காரர்களுக்குச் செய்து கொடுப்பதைவிட ஆழமாக, ஓரங்கள் விரலை அறுக்காமல் மழுங்கலாக. தேதி கிடையாது. பெயருக்குக் கீழே வெறுமையாக விட்டிருந்தார். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். சந்தாபுரா நெரிசலில் ரொம்ப நேரம் நின்றோம். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் பெயரைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரத்னாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷப்படுவாள் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். இத்தனை பேருக்குக் கல் வைக்கிற கையால் தம்பிக்கு வைக்காமல் இருப்பதா என்பது முனியப்பாவின் எண்ணம். எங்கள் கல்லறைகளில் போடுவது போல, குழியின் மேல் படுக்கை வாட்டில் போடத்தான் அளந்து வைத்திருந்தார்.

ரத்னா வீட்டிலிருந்து வெளியே வந்தாள். டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முனியப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு கல்லு அவர் மேல விழுந்தது போதும், மாமா. நீங்க இன்னொருவாட்டி போடாதீங்க."

முனியப்பா டெம்போவின் பின்கதவை மூடிக் கொக்கியை மாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கல்லோடு பின்னாலேயே உட்கார்ந்து வந்தார்.

ரத்னா கடைக்கு வந்தது

பிறகு ரொம்ப நாள் அது பட்டறையில் சுவரைப் பார்த்தபடி நின்றது.  பண்டிகைக் கூட்டம் ஓய்ந்து, எங்களுக்கு வேலை குறைந்திருந்த ஒரு மதியம், ரத்னா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். முனியப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு கல்லைப் பதிக்கப் போயிருந்தார். நான் நாற்காலி போட்டேன், டீ வாங்கி வரச் சொன்னேன். டீ ஆறிக்கொண்டே இருந்தது. "அதைப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கல்லைத் திருப்பி வைத்தோம். ரத்னா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கைவைக்கவில்லை. அப்புறம் எழுத்துக்குள் விரலை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினாள். தான் இப்போது அதே குன்றின் மறுபக்கத்தில் ஜல்லி உடைக்கப் போவதாகச் சொன்னாள்.  அங்கேயா என்றேன். வேறு எங்கே, என்பது போல் என்னைப் பார்த்தாள். அவர்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் அந்தப் பாறைதான்.

பவித்ரா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. ரத்னா, "படி பாக்கலாம்" என்றாள். பெண் உதட்டைப் பிதுக்கியது. அது படிக்கிறது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேசும், ஆனால் எழுத்து தெரியாது. தப்புச் செய்துவிட்டது போல அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்த நேரத்தில்தான் முனியப்பா உள்ளே வந்தார். தோளில் சிமென்ட், கையில் கரண்டி. கல் திரும்பியிருப்பதைப் பார்த்தார், அதன் முன்னால் இருப்பவளைப் பார்த்தார்.

ரத்னா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "கீழ இடம் இருக்குதே மாமா. அங்க கன்னடத்துல வெட்டிக் குடுங்க, இவ படிக்கட்டும். அவர் மேல வெக்க வேண்டாம். தலைமாட்டுல நட்டு நிறுத்திடலாம், கொல்லைக்கு நடற மாதிரி."

முனியப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உளி எடுக்கப் போனார். அன்றைக்கே ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டடி தோண்டினதும் பாறை தட்டிவிட்டதால் முழு ஆழத்துக்கு நட முடியவில்லை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறது. நான் போனமாதம் பார்த்தேன். கன்னட எழுத்தின்மேல் சின்ன விரல்களின் அழுக்கு படிந்திருந்தது. குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஆப்பு அடிக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

மொத்தத்தில், நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கல்லைப் பற்றிக் குறை சொன்னவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்தான்.